பெட்டியடியிலிருந்து பட்டப்படிப்புக்கு

செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் ஒரு பையனின் எதிர்காலம் பல தலைமுறைகளாகக் கடலுக்கு அப்பாலிருந்த கடைகளை வைத்தே கணிக்கப்பட்டது. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. நெல் விளைவிப்போருக்குக் கடன் கொடுக்கும் லேவாதேவி அதோடு சேர்ந்து வளர்ந்தது. இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் என்று நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனார்கள்.

இதற்கான படிப்பு கடையிலேயே நடந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் வட்டிக் கணக்கும் மனப்பாடம் செய்த பையன், மீசை அரும்பும் முன்பே பெட்டியடிப் பையனாகச் சேர்ந்துவிடுவான். எடுபிடி வேலைகளோடு பேரேடு எழுதுவதையும் பார்த்துப் பழகுவான். தேறினால் அடுத்தாள் என்ற உதவியாளர், அதன்பின் கடையை நடத்தும் மேலாள். மேலாளாகப் போகிறவருக்கும் முதலாளிக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்படும். வழக்கமான தவணை மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே வீட்டுக்கு வந்துவிடும். சாப்பாடும் தங்கலும் கடைப் பொறுப்பு. பெண்டு பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்கள். மிச்சம் பிடித்துத் தன் பெயரில் கடை போட்டவர்களும் உண்டு. ஏழைப் பையனும் முதலாளியாகக் கூடிய இந்த ஏணி இருந்தவரை, கல்லூரிப் படிப்பு வீண் செலவாகவே பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

ஏணி 1930இல் ஆட்டம் கண்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடனுக்கு ஈடாக நிலம்தான் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மா நெல் வயல்களில் நகரத்தாரிடம் 1930இல் இருந்தது சுமார் 6 சதவீதம்; 1938இல் அது 25 சதவீதம் ஆயிற்று. தூக்கிக்கொண்டு வர முடியாத சொத்து அது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள்; விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது; 1962 இராணுவ ஆட்சி எஞ்சியதையும் எடுத்துக்கொண்டது.

கோட்டையூர் அழகப்பச் செட்டியார் (1909–1957) இந்த முறிவுக்கு முன்பே வேறு வழியில் போனவர். சென்னையில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். அங்கேயே சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சியும் பெற்றார். குலத்தொழிலுக்கு ஒன்று, அதற்கு வெளியே ஒன்று என்ற அந்தத் தேர்வு சாமர்த்தியமானது. பிழைப்பு என்னவோ நூற்பாலையிலும் பிற வணிகத்திலும் அமைந்தது. 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. பொறியியல் கல்லூரியும் வந்த பிறகு, அறிவியலும் பொறியியலும் படிக்க வட்டாரப் பிள்ளைகள் சென்னைக்கு ஓட வேண்டியிருக்கவில்லை.

1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, தேர்ச்சி பெற்ற தொழிலறிஞருக்கு வழிவிட்டது. மேற்படிப்புக்கான நாட்டையும் பாடத்தையும் வேலை, விசா இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் தமிழகம் எங்கும் போலச் செட்டிநாட்டிலும் பரவியது. பணம் போகும் திசைதான் மாறிவிட்டது: சம்பளச் சீட்டில் முதலாளி முன்பணம் கொடுத்தார், பட்டப்படிப்புக்குக் குடும்பம் வங்கியில் கடன் வாங்கி முன்கூட்டியே கட்டுகிறது, திரும்பும் தேதியும் எங்கும் எழுதப்படுவதில்லை.