நடைப்பயணத் தங்கல் ஊர்: கொல்லிமலையை முன்வைத்து

பல நாள் நடப்பவர்கள் வழியில் நின்று, உண்டு, உறங்கி, மறுநாளைக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டு புறப்படும் ஊர் தங்கல் ஊர் எனப்படும். காவடி தூக்கிப் பழனிக்கு நடப்பவர், கதிர்காமத்துக்குக் கடலோரமாக நடப்பவர், முதுகுப்பையோடு மலையேறுபவர் ஆகிய மூவருக்கும் இந்த ஊரிடம் உள்ள எதிர்பார்ப்பு ஏறக்குறைய ஒன்றே. குடிக்க நல்ல தண்ணீர், வயிறு நிறையச் சோறு, கால் நீட்ட நனையாத இடம், அடுத்த வழியைச் சரியாகச் சொல்லும் உள்ளூர்க்காரர் ஆகியவை அதில் முதலில் வருபவை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இத்தேவைகள் வெவ்வேறு ஊர்களில் பிரிந்து கிடக்கின்றன. நல்ல தங்கல் ஊர் எப்படி அமைகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துப் புரிந்துகொள்ள அதனாலேயே இந்த மலை ஏற்ற இடமாகிறது.

மலையும் வழிகளும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலை சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மேல்தளம் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பீடபூமியாக விரிகிறது. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஊராட்சிகளின் பெயர்களும் இந்த நாடுகளின் பெயர்களே.

வாகனத்தில் வருபவர்களுக்குக் கொல்லிமலை என்றால் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். நடந்து வருபவர்கள் அறிந்த வழி வேறு. திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூர்ப் பக்கம் உள்ள புளியஞ்சோலையிலிருந்து ஐயாற்றின் போக்கை ஒட்டிக் காட்டுவழி மேலேறி, ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் அடைகிறது. ஆடிப்பெருக்கையொட்டி இவ்வழியாக நடந்தே மலையேறுவது சுற்றுவட்டாரத்து மக்களின் வழக்கம்.

ஏற்றம் நேரத்தை விழுங்கும். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் தந்த கணக்கு உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்கலாம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்க்க வேண்டும். சுமையும் வெயிலும் வழுக்குப் பாறையும் அந்தக் கணக்கையும் நீட்டிவிடும். அடிவாரத்தில் விடியலில் கிளம்பியவர் மேலே வரும்போது பசியும் களைப்பும் ஒன்றாகவே வந்திருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஊர் அவருக்கு என்ன தருகிறது என்பதே தங்கல் ஊரின் தரத்தைக் காட்டும் உரைகல்.

பழைய இலக்கியத்தில் வழித்தங்கல்

கொல்லிமலையின் மிகப் பழைய விருந்துச் செய்தி நடந்து வந்தவர்களைப் பற்றியதுதான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி இம்மலைக்குத் தலைவன். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் காட்சியில், காட்டுவழி வந்த பாணர் கூட்டம் வேட்டுவன் ஒருவனைச் சந்திக்கிறது. அவன் யாரென்று அறியாமலே யாழும் முழவும் கொண்டு பாடுகிறார்கள். அவன் வேட்டையில் கிடைத்த மானிறைச்சியும் மதுவும் தந்து, மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் சேர்த்துக் கொடுக்கிறான். அவனே ஓரி. அடுத்த பாடலில், வயிறார உண்ட சுற்றத்தார் ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டதாகப் புலவர் சொல்கிறார். பசித்து வந்தவருக்கு வயிறாரச் சோறிடும் முறை அங்கேயே பதிவாகிவிட்டது.

வழிநடைக்கென்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழ் வளர்த்தது. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் கலைஞருக்கு வழி சொல்லும் ஆற்றுப்படையே அது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் குறுநில மன்னன் நன்னனின் ஊருக்குச் செல்லும் மலைவழியை விவரிக்கிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர் வீசும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்க வேண்டும், வழுக்கும் பாறையை எப்படிக் கடக்க வேண்டும், எந்தக் குடியிருப்பில் தினைச்சோறும் இறைச்சியும் கிடைக்கும் என்றெல்லாம் அது எச்சரித்தும் ஆற்றியும் செல்கிறது. மலைநடைக் கையேடு என்றே அதைச் சொல்லலாம்.

பிற்காலத்தில் அரசர்களும் வணிகர்களும் அதே பொறுப்பைக் கல்லிலும் காரையிலும் கட்டினார்கள். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை வழியில் சத்திரங்களை எழுப்பினர். இரண்டாம் சரபோஜி காலத்து ஒரத்தநாடு முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. ஒட்டன்சத்திரம், சுங்குவார்சத்திரம் என்ற பெயர்களில் இன்றும் வழித்தங்கல் நிற்கிறது. ஆளில்லா இடத்திலும் தலைச்சுமையைத் தானே இறக்கி ஏற்றிக்கொள்ளத் தோளுயரத்தில் நட்ட சுமைதாங்கிக் கல், நடப்பவரின் உடலை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

நல்ல தங்கல் ஊரின் இலக்கணம்

முதலாவது தொலைவு. முந்தைய தங்கலிலிருந்து ஒரு பகல் நடையில் எட்டும்படி ஊர் இருக்க வேண்டும். ஊருக்குள்ளும் கடை, தங்குமிடம், மருத்துவமனை, பேருந்து நிலையம் ஆகியவை காலால் நடந்து எட்டும் அளவில் அமைய வேண்டும். வண்டியில் வருபவருக்கு மூன்று கிலோமீட்டர் ஒரு பொருட்டல்ல. கொப்புளம் கண்ட காலோடு வந்தவருக்கு அது தண்டனை.

இரண்டாவது தண்ணீர். குடிநீர் மட்டுமன்றி, குளிக்கவும் துணி அலசவும் வேண்டும். நனைந்த துணியைக் காயவைக்கும் கொடிக்கயிறு, கால் ஊறவைக்க ஒரு வாளி வெந்நீர், பையைத் தைக்க ஊசிநூல் போன்ற சிறிய வசதிகளைத்தான் நடப்பவர் நெடுநாள் நினைவில் வைப்பார்.

மூன்றாவது சோறு. நேரம் தவறி வந்தாலும் கிடைக்க வேண்டும், அளவு குறையாமல் கிடைக்க வேண்டும். விடியுமுன் திறக்கும் தேநீர்க் கடையும், வழிக்குக் கட்டுச்சோறு பொதிந்து தரும் சாப்பாட்டுக் கடையும் உள்ள ஊர் நடப்பவர்களுக்குப் பிடித்த ஊராகிவிடும்.

நான்காவது பாதுகாப்பு. தனியே வரும் பெண் அச்சமின்றி உறங்கும் இடம், கதவடைக்கும் கழிப்பறை, அழைத்தால் வரும் மருத்துவ உதவி ஆகியவை அதில் அடங்கும்.

ஐந்தாவது செய்தி. மழை எப்படி, ஓடையில் நீர்வரத்து எவ்வளவு, காட்டுப் பாதை திறந்திருக்கிறதா என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருக்க வேண்டும். இதற்குக் கட்டடம் தேவையில்லை. தேநீர்க் கடை விசிப்பலகையே போதும்.

கொல்லிமலையின் ஊர்கள்

சோளக்காடு: காரவள்ளி வழியே ஏறிவருபவருக்கு மேல்தளத்தில் எதிர்ப்படும் முக்கியமான சந்தை ஊர். பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு என மலையின் விளைச்சல் இங்கே குவிகிறது. நடப்பவருக்கு இது வயிற்றுக்கான ஊர். வாழைப்பழம் தோலோடு பையில் போகும், உடனே தெம்பு தரும். கொல்லிமலைக் கடைகளில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பும் குறிப்பிடத்தக்கது. பாறையிலும் மரத்திலும் படர்ந்து வளரும் பெரணியின் மயிரடர்ந்த கிழங்கு அது. மூட்டுவலிக்கு நல்லது என்பது மக்கள் நம்பிக்கை. மருந்தோ இல்லையோ, மிளகு தட்டிப்போட்ட அந்தச் சூடு குளிரில் நடந்து வந்தவருக்கு உடனே இதம் தருகிறது.

செம்மேடு: வாழவந்தி நாட்டில் உள்ள இவ்வூரே மலையின் நிர்வாக மையம். பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை, காவல் நிலையம், அலுவலகங்கள், தங்கும் விடுதிகள், கடைகள் ஆகியவை இங்கே அருகருகே அமைந்துள்ளன. வல்வில் ஓரியின் சிலையும் இவ்வூரில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாட்களில் ஓரி விழா நடக்கும்போது ஊர் நிரம்பி வழியும். அவ்வேளையில் முன்னேற்பாடின்றி வருபவருக்கு இடம் கிடைப்பது அரிது. மற்ற நாட்களில், தங்கல் ஊரின் ஐந்து இலக்கணங்களையும் மலையில் மிகுதியாக நிறைவு செய்வது செம்மேடுதான்.

அறப்பளீசுவரர் கோயில்: வளப்பூர் நாட்டில், செம்மேட்டிலிருந்து ஏறத்தாழ அரை நாள் நடையில் உள்ளது. தேவார வைப்புத் தலமாகப் போற்றப்படும் இக்கோயில் இறைவன் மீது அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் தமிழ் நீதிநூல்களுள் ஒன்று. அறுத்த மீன்கள் ஒன்றுகூடி மீண்டும் ஓடைக்குத் துள்ளின என்ற தலக்கதையால் இங்குள்ள ஓடை மீன்களை மக்கள் பிடிப்பதில்லை, பொரியிட்டு வணங்குகிறார்கள். கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகின்றன. இறங்குவதில் உள்ள உற்சாகம் ஏறும்போது முழங்காலில் இறங்கிவிடும். படிகளில் கால் வைக்குமுன் திரும்பி ஏறுவதற்கான நேரத்தையும் தண்ணீரையும் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

புளியஞ்சோலை: மலைக்குக் கீழே, ஐயாறு சமவெளியைத் தொடும் இடம். இறங்கி வருபவர் ஆற்றுநீரில் காலை நனைத்து, துறையூர்ப் பேருந்தைப் பிடிக்க ஏற்ற கடைசித் தங்கல். மேலே மழை பெய்தால் ஆற்றில் வெள்ளம் விரைவாகப் பெருகும் என்பதால், உள்ளூர்க்காரர் சொல்லைக் கேட்டே நீரில் இறங்க வேண்டும்.

பிற இடங்களோடு ஒப்பீடு

தமிழர் நடைகளில் மிக நீண்டவற்றுள் ஒன்று இலங்கையின் கதிர்காமப் பாதயாத்திரை. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படும் அடியார்கள் கிழக்குக் கரையோரமாகப் பல வாரங்கள் நடந்து உகந்தை முருகன் கோயிலை அடைகிறார்கள். அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் பல நாள் நடை, கடை கிடையாது. ஆகவே உகந்தையில் தங்கி, அரிசி பருப்பு சேர்த்து, காட்டுவழி திறக்கும் நாளுக்குக் காத்திருந்து, கூட்டமாகவே நுழைகிறார்கள். காட்டின் விளிம்பில் உள்ள தங்கல் ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உகந்தை தெளிவான சான்று.

தைப்பூசத்தை ஒட்டிப் பழனிச் சாலை முழுவதும் நகரும் தங்கல் ஊராகிவிடுகிறது. குன்றக்குடியில் கூடும் நகரத்தார் காவடி நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கிறது. வழியெங்கும் அன்னதானக் கூடங்கள், நீர்மோர்ப் பந்தல்கள், காலுக்குத் தைலம் தேய்த்துவிடும் தொண்டர்கள். இரவில் நடப்பவர் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. பெரியபுராணத்தில் திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப்பந்தலின் தொடர்ச்சி இது.

அமெரிக்காவின் சுமார் 3,500 கிலோமீட்டர் நீள அப்பலாச்சியன் நடைவழி, வர்ஜீனியா மாநிலத்து டமாஸ்கஸ் என்ற சிற்றூரின் நடுத்தெரு வழியாகவே செல்கிறது. 1987 முதல் அங்கே நடைப்பயணிகளுக்கென்றே ஆண்டு விழா நடைபெறுகிறது. ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரை வழியில் யாத்திரிகர் இல்லங்கள் குறைந்த செலவில் படுக்கை தந்து, நடைச்சான்றேட்டில் முத்திரை இடுகின்றன. ஜப்பானின் சிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வழியில், ஊர்மக்கள் நடப்பவர்களுக்குப் பழமும் தேநீரும் கொடுப்பதைப் புண்ணியமாகக் கருதுகிறார்கள்.

விதிகளும் கடமைகளும்

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயும் 23 பேரின் இறப்பும் தமிழகத்தில் மலைநடையின் ஒழுங்கை மாற்றின. அதே ஆண்டில் வனப்பகுதி மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 வழித்தடங்களுடன் தனி மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லிமலைக் காட்டுவழிகளுக்கும் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். கோடையில் தீ அபாயமும், பருவமழையில் வெள்ளமும் வழிகளை மூடச் செய்யலாம்.

தங்கல் ஊருக்கும் நடப்பவருக்கும் இடையே உள்ள உறவு இருபக்கக் கடமை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. கொண்டுபோன உறையைத் திரும்பக் கொண்டுவருவது, ஓடையில் சோப்பிட்டுத் துவைக்காமலிருப்பது, உள்ளூர்க் கடையில் வாங்குவது, வீடுகளையும் மக்களையும் கேட்காமல் படம் எடுக்காதிருப்பது ஆகியவை நடப்பவர் தரப்பில் வேண்டியவை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை இது. அந்தச் சோற்றைக் கேட்டு உண்பவர்கள் பெருகினால் அந்த விளைச்சலும் நிலைக்கும்.

கொல்லிமலையைப் பல நாள் நடந்து காண விரும்புவோர் செம்மேட்டைத் தங்கலாகவும், சோளக்காட்டைச் சந்தையாகவும், அறப்பளீசுவரர் கோயிலைப் பகல் இளைப்பாறலாகவும் வைத்துத் திட்டமிடலாம். பொதுப் படுக்கைக் கூடம், வெந்நீர், துணி உலர்த்தும் இடம், பாதை நிலவரத்தைத் தினமும் எழுதி வைக்கும் ஒரு பலகை ஆகிய நான்கையும் செம்மேடு பேருந்து நிலையத்தின் அருகே ஊராட்சியும் வனத்துறையும் சேர்ந்து அமைத்தால், ஓரியின் மலை மீண்டும் நடப்பவர்களின் மலையாகும்.