விசுவாசமும் கிரியையும்: தீவகத்தில் ஒரு பழைய வழக்கு

யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டிலே பிறந்த ஒருவருக்குக் 'கிரியை' என்ற சொல் காதில் விழுந்ததும் கோயிற் கிரியைகள் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் அந்தியேட்டிக் கிரியை நினைவுக்கு வரும். புரட்டஸ்தாந்து வேதாகமத்தைப் படித்து வளர்ந்தவருக்கு அதே சொல் மனிதனுடைய செய்கைகளைக் குறிக்கும். கத்தோலிக்கர் நற்செயல் என்றோ புண்ணியம் என்றோ சொல்லிவிட்டுப் போவர். எங்கள் வகுப்பிலே மூன்று வகைப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்தோம். ஆகவே விசுவாசமா கிரியையா என்று கிறிஸ்தவ உலகம் ஐந்நூறு ஆண்டுகளாக நடத்திய வழக்கு, தீவகத்துப் பெண்களாகிய எங்களுக்குச் சொல்லிலேயே சிக்கலாக வந்து சேர்ந்தது. அந்த வழக்கு எங்கள் தீவுகளில் எப்படி நடந்தது என்பதை, வரலாறு படிப்பித்த ஒருத்தி என்ற முறையில், இம்மலரிலே சிறிது எழுதிவைக்க விரும்புகிறேன்.

வழக்கின் மூலம் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. சட்டத்தின் செயல்களால் அல்ல, விசுவாசத்தினாலேயே மனிதன் கடவுள்முன் நீதிமானாகிறான் என்று பவுல் உரோமருக்கு எழுதினார். உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவனிடம் சமாதானமாகப் போய்வா என்று சொல்லி அனுப்புகிறவனுடைய விசுவாசத்தால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்டார். 1517இல் மார்ட்டின் லூதர் எழுந்தபோது பவுலின் பக்கம் நின்று, மோட்சத்தை விலை கொடுத்து வாங்க முடியாது என்றார். பாவத் தண்டனைக்கான மன்னிப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்ட காலம் அது. அவர் கோபத்துக்கு நியாயம் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்திலே பதில் சொன்னது: தொடக்கம் கடவுளின் அருளே, ஆனால் அந்த அருளோடு ஒத்துழைத்து மனிதன் செய்யும் நற்செயலுக்கும் மதிப்பு உண்டு. இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் ஐரோப்பாவிலே நிறைய இரத்தம் சிந்திற்று.

இரண்டு பதில்களும் கப்பலேறி எங்கள் கடலுக்கு வந்தன. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கத்தோலிக்க மறையைப் பரப்பினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்திவிட்டுத் தங்கள் சீர்திருத்தத் திருச்சபையை நிறுவினர். தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையும் சூட்டினர். வேலணை லெய்டன் ஆனது; காரைதீவு அம்ஸ்ரர்டாம்; புங்குடுதீவு மிடில்பேர்க்; நயினாதீவு ஹார்லெம்; அனலைதீவு றொட்டர்டாம். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மட்டுந்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவற்றை ஊர்ச்சனம் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

அந்தப் பெயர்களுக்கு நேர்ந்ததுதான் அவர்கள் கொண்டுவந்த மதத்துக்கும் நேர்ந்தது. அதற்குக் காரணம் அவர்களுடைய வேதபோதனை அன்று. நெதர்லாந்துத் திருச்சபையின் அடிப்படை நூலான ஹைடல்பேர்க் வினாவிடை 1563இல் எழுதப்பட்டது. அதற்கு மூன்று பகுதிகள்: மனிதனின் அவலம், மீட்பு, நன்றி. நற்கிரியைகள் அந்த மூன்றாம் பகுதியிலேதான் வருகின்றன. மீட்பைப் பெறுவதற்காக அல்ல, பெற்றுவிட்ட மீட்புக்கு நன்றியாகவே மனிதன் நன்மை செய்கிறான் என்பது அதன் கருத்து. இதைவிட அழகாக இந்த விடயத்தைச் சொன்னவர்கள் குறைவு என்பேன்.

ஆனால் யாழ்ப்பாணத்தை ஆண்டது திருச்சபை அல்ல, வியாபாரக் கொம்பனி. அதன் ஆட்சியிலே ஞானஸ்நானம் பெற்றுச் சீர்திருத்தத் திருச்சபையின் விசுவாச அறிக்கையை ஏற்றுக்கொள்ளாதவருக்கு முதலியார் முதலிய அரச பதவிகள் இல்லை. கோயிற்பற்றுத் தோறும் பாடசாலை இருந்தது. உபாத்தியாயரே பிள்ளைகளின் பெயரையும் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பில் பதிந்தார். பாடசாலைக்கு வராத பிள்ளைக்குக் குற்றப்பணம் அறவிடப்பட்டது. கர்த்தருடைய செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை என்பவற்றை மனனமாக ஒப்புவித்தால் போதும், அந்த ஆள் கிறிஸ்தவர். அக்காலத்தில் இங்கே பணியாற்றி, தமிழும் கற்று, 1672இல் ஒரு பெரிய நூலை வெளியிட்ட பல்தேயுஸ் பாதிரியார் காட்டும் கணக்கின்படி 1663இலேயே யாழ்ப்பாணப் பகுதியில் 62,000க்கு மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தனர். ஐந்து வருடத்தில் இவ்வளவு!

மீட்பை எந்தச் செய்கையாலும் சம்பாதிக்க முடியாது என்று போதித்த திருச்சபையின் பெயரால், அந்த விசுவாசமே உத்தியோகம் சம்பாதிக்கும் செய்கையாக மாற்றப்பட்டது. லூதர் எதிர்த்த சீட்டு வியாபாரத்துக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே காசு கொடுத்து மோட்சம்; இங்கே மனனம் கொடுத்து முதலியார் பதவி. சனமும் விளங்காமல் இருக்கவில்லை. பகலிலே தோம்பில் பெயர் பதிந்து, இரவிலே தம் பழைய தெய்வத்தையோ செபமாலையையோ தேடிக்கொண்டனர். 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயங்கள் நீங்கியதும் கட்டடம் சரிந்தது. 1806இல் குளோடியஸ் புக்கானன் பாதிரியார் யாழ்ப்பாணம் வந்தபோது, அந்தப் பெரிய கணக்கின் வாரிசுகளுக்குப் போதிக்க அவர் கண்டது தஞ்சையிலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது என்ற ஒரு தமிழரைத்தான்.

ஒல்லாந்தர் காலத்திலே கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை பிறந்திருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவில்லாமலே கத்தோலிக்கக் குடும்பங்கள் தாக்குப்பிடித்தன. அந்நிலையில், 1687இல், கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். வந்தவுடன் கடும் வயிற்றுளைவு. கைவிடப்பட்டுக் கிடந்தவருக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தாள் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகின்றனர். அவளுடைய பெயரையோ சமயத்தையோ எவரும் குறித்துவைக்கவில்லை. தோம்பிலே அவள் பெயர் சீர்திருத்தக் கிறிஸ்தவளாகவே பதியப்பட்டிருந்திருக்கவும் கூடும். அந்தக் கஞ்சியை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது?

உடல் தேறியபின் அடிகளார் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மாறியவர்கள் யாரென்று பார்த்துக் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலையிலே தங்கி இரவில் பூசை வைத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் திடீரெனச் சுற்றிவளைத்துப் பலரைப் பிடித்தனர். சிலர் கசையடியாலும் சிறையாலும் இறந்தனர். அடிகளார் தப்பிப் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குப் போனார். அங்கே ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. நோயாளரை உறவினரே காட்டில் விட்டுவிட்டு ஓடினர். அடிகளாரும் அவர் மருமகனாகிய கர்வாலோ அடிகளாரும் குடிசை கட்டி அவர்களைக் கிடத்தி, கழுவி, உணவூட்டி, இறந்தவரை அடக்கம் செய்தனர். அவர்களிலே பெரும்பாலோர் பௌத்தர்.

கத்தோலிக்கர் கிரியையை நம்புகிறவர்கள், புரட்டஸ்தாந்தர் விசுவாசத்தை நம்புகிறவர்கள் என்று நாம் வாய்ப்பாடாகச் சொல்கிறோம். இந்த மண்ணில் நடந்ததைப் பாருங்கள். கத்தோலிக்கக் குருவுடன் சேர்ந்தவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கூலி சிறை. ஆகவே வெறும் விசுவாசத்தினாலேயே அவருடன் நின்றவர்கள் அவர்கள்தாம். கூலி எதிர்பார்த்துச் செய்கை செய்தவர்கள் மறுபக்கத்தில் இருந்தனர். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டாயம் போயிற்று, கல்வி வந்தது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியது. தீவுகளிலும் கிராமப் பாடசாலைகள் எழுந்தன. 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரும் 1862இல் பிரான்சிலிருந்து திருக்குடும்பக் கன்னியரும் யாழ்ப்பாணம் வந்து, கத்தோலிக்கர் பக்கத்திலும் கல்விப்பணி பெருகிற்று. பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட சமூகத்திலே இவர்கள் செய்த நன்மையை அளவிட முடியாது. நாம் இன்று இந்த மலரை வாசிப்பதே அதனால்தான்.

எனினும் பழைய கேள்வி வேறு உருவத்தில் மீண்டும் தலைகாட்டியது. விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறும் உடையும் இலவசம். அமெரிக்காவிலே பணம் அனுப்பிய தருமவான்களின் பெயரே அவர்களுக்குச் சூட்டப்பட்டது. இது அன்பா, தூண்டிலா? ஆறுமுகநாவலர் தூண்டில் என்றார். அவர் வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவர். உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெறுவோரை அவர் கடிந்து எழுதியவற்றில் ஒல்லாந்தர் கால அனுபவத்தின் எதிரொலியைக் கேட்கலாம். மிஷனுக்குள்ளும் அதே சந்தேகம் இருந்தது. பொஸ்ரனிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் குழு, வட்டுக்கோட்டை செமினரி சுவிசேஷகரை விட அரசாங்க உத்தியோகத்தரையே உருவாக்குகிறது என்று கண்டது. 1855இல் செமினரி மூடப்பட்டது. சிறந்த கல்லூரி ஒன்றை, அது போதிய விசுவாசத்தை விளைவிக்கவில்லை என்று மூடியது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். படிப்பித்தது படிப்பித்ததற்காகவே நன்றாயிருக்கக்கூடாதா? 1847இல் வந்த கிறீன் வைத்தியர் காலப்போக்கில் வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியிடம் எந்தச் சமயம் என்று கேட்டா காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது?

1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் உதவிபெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின்கீழ் வந்தன. அன்று பலர் அழுதார்கள். ஆனால் கல்வியைத் தூண்டிலாக்கும் வாய்ப்பும் அத்தோடு போயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கரம்பொன்னிலே சிறிய புஷ்பத்தின் பெயரால் ஒரு மகளிர் பாடசாலை உண்டு. அந்தச் சிறிய புஷ்பம் பிரான்சிலே லிசியே கார்மேல் மடத்தில் 1897இல் இருபத்துநான்கு வயதில் இறந்த தெரேசா. 1925இல் புனிதராக்கப்பட்டார், 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவிக்கப்பட்டார். இவர் 1895இல் எழுதிய அர்ப்பணச் செபத்திலே, வாழ்வின் அந்தியில் வெறுங்கையோடு கடவுள்முன் நிற்கப்போவதாகவும், தன் செயல்களை எண்ணிப் பார்க்க வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறார். லூதர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். கத்தோலிக்கத் திருச்சபையோ தன் மறைக்கல்வி ஏட்டிலே, மனிதனின் நற்செயலுக்குள்ள மதிப்பை விளக்கும் பகுதியிலேயே இந்தச் செபத்தை எடுத்துவைத்திருக்கிறது. அன்றாடம் சின்னச் சின்ன வேலைகளை அன்போடு செய்து வாழ்ந்த பெண் அவர். செய்தவற்றுக்குக் கணக்கு வைக்க மறுத்தார்.

1999 ஒக்ரோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரிலே லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. அருளினாலேயே கடவுள் மனிதனை ஏற்கிறார், நற்செயல் அதன் கனியாக வருகிறது என்பது இருவருக்கும் பொதுவாயிற்று. 2006இல் மெதடிஸ்தரும் 2017இல் ஒல்லாந்தரின் சீர்திருத்த மரபினரும் இணைந்தனர். எங்கள் ஊரிலே இதற்கு முன்னரே ஒருவர் இந்தக் கேள்வியைச் சைவரோடும் சேர்த்து யோசித்திருந்தார். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயர் குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்ற பொருள்பற்றி 1964இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வதா, குட்டியைத் தாய்ப்பூனை கவ்விச் செல்வதா என்று வைணவர் வாதித்ததும் இதே கேள்விதானே.

தீவகத்திலே இந்த வழக்குக்குக் கடைசியாக வந்த சாட்சியம் நூலில் எழுதப்பட்டதன்று. அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரியார் ஆலயம் இருக்கிறது. பிலிப்பு நேரியார் தொடங்கிய ஒறற்றோரியன் சபையின் மரபில் வந்தவர்தான் ஜோசப் வாஸ். 2006 ஓகஸ்ட் 13ஆம் திகதி அந்த ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன, பலர் மாண்டனர். பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம்பிறவுண் அடிகளார் அங்கே பொறுப்பேற்று அதிக நாளாகவில்லை. காயப்பட்டவர்களை ஏற்றிச் செல்லவும், எஞ்சிய குடும்பங்களை ஊர்காவற்றுறைப் புனித மரியாள் ஆலயத்துக்குக் கூட்டிச் செல்லவும் வழிவிடும்படி அவர் கடற்படையினரிடம் மன்றாடினார். சனம் ஊர்காவற்றுறையைச் சென்றடைந்தது. ஒரு கிழமை கழித்து, 20ஆம் திகதி, அவரும் பங்கு மக்களில் ஒருவரும் மோட்டார் சைக்கிளில் அல்லைப்பிட்டிப் பக்கம் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களைக் கண்டவர் இல்லை. அன்றும் ஞாயிற்றுக்கிழமை.