அலமேடா கவுண்டி ஆய்வு

அலமேடா கவுண்டி ஆய்வு என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1965 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெடுங்கால உடல்நல ஆய்வு ஆகும். 6,928 பேரிடம் திரட்டப்பட்ட தகவல்களையும் அடுத்த ஒன்பது ஆண்டுகளில் நிகழ்ந்த இறப்புகளையும் லிசா பெர்க்மன், லியோனர்ட் சைம் ஆகியோர் ஒப்பிட்டு, 1979 இல் முடிவுகளை வெளியிட்டனர்.

திருமணம், நெருங்கிய நண்பர்-உறவினர் தொடர்பு, தேவாலய உறுப்புரிமை, பிற குழுக்களில் பங்கேற்பு ஆகிய நான்கும் சமூக உறவுகளாகக் கொள்ளப்பட்டன. உறவுகள் மிகக் குறைந்தோரின் இறப்பு வாய்ப்பு, மிகுந்தோருடையதைவிட ஆண்களில் 2.3 மடங்காகவும் பெண்களில் 2.8 மடங்காகவும் இருந்தது. புகைத்தல், மது, உடற்பருமன் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நீடித்தது.

தனிமை நோயை உண்டாக்குகின்றதா, நோய் தனிமையை உண்டாக்குகின்றதா என்பது இங்கு எழும் முதன்மையான கேள்வி. தொடக்க உடல்நிலை பங்கேற்றோர் தாமே கூறியதாகையால், இதற்கு இவ்வாய்வு மட்டும் முழுமையான விடை தருவதில்லை.