சமயச் சகிப்பும் சீர்திருத்தமும்: கிறித்தவ, இஸ்லாமிய வரலாற்றில்

ஒரு சமயத்தை அதன் பழைய தூய்மைக்குக் கொண்டுபோக முயல்வது சீர்திருத்தம். அடுத்தவர் நம்பிக்கை தவறென்று நினைத்தாலும் அவரை அவர் போக்கில் வாழ விடுவது சகிப்பு. முதலாவது வந்தால் இரண்டாவதும் பின்னாலேயே வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கிறித்தவம், இஸ்லாம் இரண்டின் வரலாறும் அதற்கு ஒத்துவரவில்லை. சீர்திருத்தக்காரர்கள் பலர் சகிப்புக்கு எதிரிகளாக இருந்திருக்கிறார்கள். சகிப்புக்கு வழிவிட்ட அரசர்கள் பலருக்குச் சமயத்தைத் திருத்தும் நோக்கமே இருந்ததில்லை.

பாக்தாதில் 833-இல் நடந்தது இதற்கு நல்ல சான்று. கலீபா அல்-மாமூன் பகுத்தறிவை முன்னிறுத்திய முஃதசிலா சிந்தனையின் பக்கம் நின்றவர். குர்ஆன் படைக்கப்பட்டது, அது அநாதியானதல்ல என்பது அவர்கள் கொள்கை. இதை ஏற்கிறீர்களா என்று நீதிபதிகளையும் மார்க்க அறிஞர்களையும் ஒவ்வொருவராக அழைத்து விசாரிக்கும்படி அவர் பாக்தாதுக்குக் கடிதம் அனுப்பினார். பெரும்பாலோர் தலையாட்டித் தப்பித்தார்கள். மறுத்துநின்ற அகமது இப்னு ஹன்பல் சிறைக்குப் போனார். அடுத்த கலீபாவின் காலத்தில் கசையடியும் பட்டார். பகுத்தறிவாளர்கள் நடத்திய கட்டாய விசாரணை இது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கலீபா அல்-முதவக்கில் அதை நிறுத்தி, ஹன்பலைப் போன்றவர்களுக்கு நிம்மதி தந்தார். ஆனால் அதே முதவக்கில்தான் 850-இல் கிறித்தவர்களும் யூதர்களும் தேன் நிற மேலாடை அணிய வேண்டும், அவர்கள் வீட்டுக் கதவில் மரத்தாலான சைத்தான் உருவம் அறையப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். ஒரு கையால் விடுதலை, மறு கையால் இழிவு.

இரு சமயங்களின் வேதங்களிலும் இரு வகைச் சான்றும் கிடைக்கும். மத்தேயு நற்செய்தியில் கோதுமையையும் களையையும் அறுவடை வரை சேர்ந்தே வளர விடச் சொல்லும் உவமை இருக்கிறது. லூக்கா நற்செய்தியில், விருந்துக்கு வராதவர்களை வற்புறுத்தி அழைத்துவரச் சொல்லும் உவமை இருக்கிறது. வட ஆப்பிரிக்காவின் ஆயர் அகுஸ்தினார் தொடக்கத்தில் வாதத்தால் மட்டுமே மனத்தை மாற்ற வேண்டும் என்றவர். டோனாட்டியர் என்ற கிறித்தவப் பிரிவினரோடு நீண்ட காலம் மல்லுக்கட்டிய பிறகு, அரசு வற்புறுத்துவதும் நல்லதே என்று இரண்டாவது உவமையைக் கையிலெடுத்தார். அடுத்த ஆயிரம் ஆண்டுகளுக்கு அந்த ஒரு விளக்கமே பலருக்கும் போதுமானதாக இருந்தது. அதற்கு முன்பே, 385-இல், ஸ்பெயினைச் சேர்ந்த ஆயர் பிரிசில்லியன் டிரியர் நகரில் தலை துண்டிக்கப்பட்டிருந்தார். சக ஆயர்கள் குற்றம் சாட்ட, கிறித்தவப் பேரரசர் நிறைவேற்றிய முதல் மரணதண்டனை அது. தூர் நகர ஆயர் மார்ட்டின் அவருக்காக மன்றாடியும் பயனில்லை.

இஸ்லாமிய நாடுகளில் நிலைமை வேறு வடிவம் எடுத்தது. மார்க்கத்தில் வற்புறுத்தல் கூடாது என்ற பொருளுடைய குர்ஆன் வசனம் (2:256) ஒரு பக்கம். கிறித்தவர், யூதர் ஆகியோருக்கு ‘திம்மி’ என்ற பாதுகாக்கப்பட்ட நிலையை வழங்கிய சட்ட ஏற்பாடு மறுபக்கம். ஜிஸ்யா வரி செலுத்தினால் உயிர், உடைமை, வழிபாடு மூன்றுக்கும் காப்பு உண்டு. குதிரை ஏறுவது, மணி அடிப்பது, புதிதாகத் தேவாலயம் கட்டுவது போன்றவற்றில் தடைகள் உண்டு. அவை எவ்வளவு கண்டிப்பாக நடைமுறைப்பட்டன என்பது ஊரையும் ஆட்சியாளரையும் பொறுத்தது. இன்றைய அளவுகோலில் இது சமத்துவம் ஆகாது. ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு யூதருக்கு இதைவிட மேலான ஏற்பாடு கிடைப்பது அரிது. 1492-இல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியபோது சுல்தான் இரண்டாம் பாயசித் அவர்களை உஸ்மானியப் பேரரசுக்குள் வரவேற்றார். சலோனிக்கா யூதர் பெருநகரமானது அப்படித்தான். இதற்கு மாறான கதையும் அதே ஸ்பெயினில் நடந்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏகத்துவத் தூய்மையை முழங்கிக்கொண்டு மொராக்கோவிலிருந்து வந்த அல்மொஹாதுகள் கோர்தோபாவைப் பிடித்ததும், யூத மெய்யியலாளர் மைமோனிடிசின் குடும்பம் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அல்மொஹாதுகளும் சீர்திருத்தக்காரர்கள்தான்.

புறச்சமயத்தாரைச் சகித்த அரசுகள்கூட உட்பிரிவினரைச் சகிக்கவில்லை. கிரேக்கக் கிறித்தவர்களுக்குத் தனிச் சபை, தனித் தலைவர் என்று விட்டுவைத்த உஸ்மானியர், ஷியா சார்புடைய கிசில்பாஷ் மக்கள்மீது பதினாறாம் நூற்றாண்டில் ஃபத்வாவோடு படையெடுத்தார்கள். ஐரோப்பாவிலும் இதே கதை. அங்கே அது உச்சம் தொட்ட இடம் ஜெனீவா.

மிகேல் செர்வெட் ஸ்பெயின் மருத்துவர். இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றிவருவதை ஐரோப்பாவில் முதலில் அச்சில் எழுதியவர். (அதே உண்மையைக் கெய்ரோ மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருந்தார்.) செர்வெட் அதை எழுதியது மருத்துவ நூலில் அல்ல, 1553-இல் வந்த ஓர் இறையியல் நூலில். திரித்துவக் கொள்கையை மறுத்த நூல் அது. பிரான்சின் வியென் நகரில் கத்தோலிக்க விசாரணைக்காரர்கள் அவரைப் பிடித்தார்கள், அவர் தப்பினார், அவர்கள் அவருடைய உருவப் பொம்மையைக் கொளுத்தினார்கள். தப்பியவர் போய்ச் சேர்ந்த இடமோ சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் ஜெனீவா. அங்கே தேவாலயத்தில் அமர்ந்திருந்தபோது யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள். 1553 அக்டோபர் 27 அன்று ஊருக்கு வெளியே ஷாம்பெல் மேட்டில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். எரிப்பதற்குப் பதில் தலையை வெட்டலாம் என்று கால்வின் கேட்டுக்கொண்டார். நகர மன்றம் மறுத்துவிட்டது. கால்வினின் இரக்கம் அந்த எல்லைவரைதான் போனது. கத்தோலிக்கர் பொம்மையாகவும் சீர்திருத்தச் சபையார் ஆளாகவும் எரித்த மனிதர் என்று இவரைச் சொல்லலாம். நூலின் பிரதிகள் மூன்று மட்டுமே இன்று மிஞ்சியிருக்கின்றன.

இதைக் கண்டித்து எழுந்த குரல் செபாஸ்டியன் காஸ்தெல்லியோவுடையது. ஒரு காலத்தில் ஜெனீவாவில் கால்வினுக்குக் கீழே பள்ளித் தலைவராக இருந்தவர், கருத்து வேறுபாட்டால் பாசெல் நகருக்குப் போனவர். அங்கே குடும்பத்தை நடத்த ரைன் ஆற்றில் மிதந்துவரும் கட்டைகளைக் கொக்கியால் இழுத்துப் பிடித்து விறகாக்கியிருக்கிறார். அதையே விறகுத் திருட்டு என்று எதிரிகள் தூற்றினார்கள். 1554-இல் புனைபெயரில் அவர் வெளியிட்ட நூல், சமய மாறுபாட்டாளரைத் தண்டிக்கலாமா என்ற கேள்விக்குப் பல அறிஞர்களின் எழுத்துகளைத் தொகுத்துத் தந்தது. அதில் லூத்தர் இருக்கிறார், எராஸ்மஸ் இருக்கிறார், கால்வினின் பழைய எழுத்திலிருந்தும் ஒரு பகுதி இருக்கிறது. நேற்று நீர் சொன்னதை இன்று நீரே மீறலாமா என்று கேட்காமல் கேட்டது அந்தத் தொகுப்பு. செர்வெட்டின் தண்டனையை நியாயப்படுத்திக் கால்வின் எழுதிய நூலுக்கு அவர் எழுதிய மறுப்புரை உயிரோடிருந்த காலத்தில் அச்சேறவில்லை. அரை நூற்றாண்டு கழித்து 1612-இல் ஹாலந்தில்தான் வெளிவந்தது. 1903-இல் ஷாம்பெலில் கால்வினின் வழிவந்தவர்களே ஒரு பரிகாரக் கல்லை நட்டார்கள். நடந்ததை அந்தக் கல் ‘காலத்தின் தவறு’ என்கிறது. காஸ்தெல்லியோவும் அதே காலத்தில் வாழ்ந்தவர்தான் என்பதால் அந்தச் சமாதானம் அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை.

செர்வெட்டின் கொள்கைக்கு அரச மரியாதை கிடைத்த இடம் டிரான்சில்வேனியா. இன்றைய ருமேனியாவில் உள்ள இந்த நாடு அப்போது உஸ்மானிய சுல்தானுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. 1541-இல் சுல்தான் சுலைமான் ஹங்கேரியத் தலைநகர் புடாவைக் கைப்பற்றியபோது, கைக்குழந்தையாக இருந்த ஹங்கேரிய வாரிசு யானோஷ் சிக்மண்டுக்கு இந்தப் பகுதியை விட்டுவைத்தார். கப்பம் ஒழுங்காக வந்தால் போதும்; கிறித்தவர்கள் தங்களுக்குள் எந்தக் கொள்கைக்காகச் சண்டையிடுகிறார்கள் என்பது இஸ்தான்புலுக்குப் பொருட்டல்ல. கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரசரின் கை இங்கே எட்டாததற்கும் அந்தப் பாதுகாப்பே காரணம். வளர்ந்த சிக்மண்ட், கத்தோலிக்கத்தில் தொடங்கி லூத்தரியம், கால்வினியம் என்று மாறி, கடைசியில் திரித்துவத்தை மறுக்கும் ஒருமைவாதத்தில் நின்றார். அவருடைய அரசவைப் போதகர் ஃபெரென்ஸ் டாவிடும் அதே வழியில் வந்தவர். 1568 ஜனவரியில் தோர்தா நகரில் கூடிய நாட்டு மன்றம், போதகர்கள் தாங்கள் புரிந்துகொண்டபடி நற்செய்தியைப் போதிக்கலாம், பிடிக்காத ஊரார் வேறு போதகரை வைத்துக்கொள்ளலாம், நம்பிக்கை கடவுளின் கொடை என்பதால் அதற்காக எவரையும் சிறையிடக் கூடாது என்று தீர்மானித்தது. செர்வெட் எரிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை.

அந்தத் தீர்மானத்தின் எல்லையும் தெரிந்ததே. காலப்போக்கில் ஏற்கப்பட்டவை நான்கு சபைகள்தான். அந்த நாட்டிலேயே பெருந்தொகையாக வாழ்ந்த ருமேனிய ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கு அந்தத் தகுதி கிடைக்கவில்லை. 1571-இல் சிக்மண்ட் இறந்ததும் கத்தோலிக்கரான இஸ்த்வான் பாத்தோரி ஆட்சிக்கு வந்தார். ஏற்கப்பட்ட சபைகளைக் கலைக்காமல், இனிப் புதுமை எதுவும் கூடாது என்று மட்டும் 1572-இல் சட்டம் வந்தது. டாவிடோ நிற்கவில்லை, கிறிஸ்துவை நோக்கி வேண்டுதல் செய்வதும் தவறு என்ற இடத்துக்குப் போய்விட்டார். 1579-இல் புதுமைக் குற்றத்துக்காக டேவா கோட்டையில் அடைக்கப்பட்டு, அங்கேயே இறந்தார். அவர்மீது வழக்கைக் கிளப்பியவர் நெடுநாள் தோழரான ஜார்ஜியோ பியாந்திராத்தா. சபையைக் காப்பாற்ற ஆளைக் கைவிட்டது என்று வரலாறு இதைச் சொல்லும். ஒருமைவாதச் சபை இன்றும் இருக்கிறது.

மேற்கு ஐரோப்பா சமயப் போர்களில் களைத்துப்போய்த்தான் சகிப்புக்கு வந்தது. பிரான்சில் சீர்திருத்தச் சபையினரான யூகெனோக்களுக்கு உரிமை தந்த நான்த் ஆணை 1598-இல் பிறந்து 1685-இல் ரத்தானது. இலட்சத்துக்கும் மேற்பட்ட யூகெனோக்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். சகிப்பைப் பற்றி 1689-இல் வெளியான நூலில் ஜான் லாக், நாத்திகரை அதற்கு வெளியே நிறுத்தினார். போப்பாண்டவருக்குக் கட்டுப்பட்டவர்கள் பற்றியும் அவருக்கு நம்பிக்கை இல்லை. இங்கிலாந்தின் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர 1829 வரை காத்திருந்தார்கள்.

உஸ்மானியரின் மாற்றம் மேலிருந்து வந்தது. 1839-இல் குல்ஹானே ஆணை எல்லாக் குடிமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் ஒரே காப்பு என்றது. இஸ்லாத்தைத் தழுவிப் பின் விலகிய ஓர் ஆர்மீனியர் 1843-இல் இஸ்தான்புலில் கொல்லப்பட்டபோது பிரிட்டிஷ் தூதர் கொடுத்த நெருக்கடியில், மதம் மாறியவரை இனிக் கொல்லமாட்டோம் என்று அடுத்த ஆண்டே சுல்தான் வாக்களித்தார். 1856 ஆணை சமத்துவத்தை விரிவாக்கியது, ஜிஸ்யாவும் போயிற்று. அதன் இடத்தில் படைப்பணிக்குப் பதிலாகச் செலுத்தும் வரி வந்தது. கிறித்தவர்களில் பெரும்பாலோருக்கும் படையில் சேர்வதைவிட வரியே பிடித்திருந்தது. பெயர் மாறியது, வசூல் தொடர்ந்தது.

இந்தச் சமத்துவம் எல்லோருக்கும் இனிக்கவில்லை. 1860 ஜூலையில் டமாஸ்கசில் கலவரம் மூண்டு ஆயிரக்கணக்கான கிறித்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது அங்கே நாடுகடத்தப்பட்டு வாழ்ந்துவந்தார் அப்துல் காதிர். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையோடு 15 ஆண்டுகள் போரிட்டுத் தோற்றவர், சூஃபி அறிஞர். தன் அல்ஜீரிய வீரர்களைத் தெருத்தெருவாக அனுப்பிக் கிறித்தவர்களைத் திரட்டிவந்து தன் வீட்டில் அடைக்கலம் தந்தார். காத்தது ஆயிரக்கணக்கான உயிர்களை. அவர் எந்த மறுவிளக்கத்தையும் தேடவில்லை. ஷரீஅத் சொல்லும் அடைக்கலக் கடமையைச் செய்ததாகவே கருதினார். பழைய எதிரியான பிரான்ஸ் பதக்கம் தந்தது, ஆபிரகாம் லிங்கன் இரட்டைக் கைத்துப்பாக்கிகளை அனுப்பினார், போப் ஒன்பதாம் பியுசும் விருதளித்தார்.

அதே பியுஸ்தான் 1864-இல் வெளியிட்ட 80 பிழைகளின் பட்டியலில், மனிதன் தனக்குச் சரியென்று பட்ட மதத்தைத் தழுவலாம் என்ற கருத்தையும் ஒரு பிழையாகச் சேர்த்தார். அந்த நிலை மாற நூறு ஆண்டுகள் ஆயின. அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மர்ரே, உண்மைச் சமயம் எதுவென்று தீர்ப்பளிக்கும் தகுதி அரசுக்கு இல்லை என்று எழுதிவந்தவர்; 1950-களின் நடுவில் மேலிடம் அவர் வாயைக் கட்டியது. பிறகு அவரையே இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அழைத்தார்கள். 1965 டிசம்பர் 7 அன்று சமயச் சுதந்திர அறிக்கை 2,308 வாக்குகளோடு நிறைவேறியது, எதிர்த்தவை 70. எதிர்முகாமில் முன்னணியில் நின்ற பேராயர் லெஃபெவர் பின்னர் தனிச் சங்கம் கண்டு, 1988-இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். சமய உரிமை மூதாதையர் போதனைக்கு முரண் என்ற அவர் வாதத்துக்கு 1864 பட்டியல் கையில் ஆயுதமாக இருந்தது. அதைத் தட்டிக்கழிப்பது எளிதாக இல்லை.

எகிப்தில் முஹம்மது அப்து 1899-இல் தலைமை முஃப்தியானார். தென்னாப்பிரிக்க முஸ்லிம்கள் 1903-இல் அவரிடம் கேட்டது தொப்பியையும் இறைச்சியையும் பற்றி: ஐரோப்பியத் தொப்பி அணியலாமா, கிறித்தவர் அறுத்த இறைச்சியைச் சாப்பிடலாமா? இரண்டுக்கும் அவர் அனுமதி தந்தார். கெய்ரோ பத்திரிகைகள் கொதித்தன. அவர் வட்டத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. மாணவர் ரஷீத் ரிதா காலம் செல்லச் செல்ல வஹ்ஹாபிகளுக்கு ஆதரவாளரானார். அலி அப்துர் ராசிக், கிலாஃபத் மார்க்கக் கட்டாயமல்ல என்று 1925-இல் ஒரு நூல் எழுதி, அல்-அஸ்ஹர் உலமா வரிசையிலிருந்து நீக்கப்பட்டார். ரிதா அவரைக் கடுமையாகச் சாடினார். பின்னாளில் ராசிக் அமைச்சரே ஆனார். சூடானின் மஹ்மூத் முஹம்மது தாஹாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மக்காவில் அருளப்பட்ட வசனங்களின் சமத்துவமே என்றைக்கும் உரியது, மதீனாவின் சட்டங்கள் அந்தக் காலத்துக்கு உரியவை என்றவர் அவர். 1983-இன் ஷரீஅத் சட்டங்களை எதிர்த்துத் துண்டறிக்கை விட்டதற்காக 1985 ஜனவரி 18 அன்று கார்ட்டூமில் தூக்கிலிடப்பட்டார். அவரைத் தூக்கிலிட்ட அதிபர் நுமைரி மூன்றே மாதத்தில் பதவியிழந்தார். 1986-இல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. மதம் மாறினால் மரணம் என்ற பிரிவைச் சூடான் 2020-இல் நீக்கியது.

இன்றைய இழுபறிக்கு இந்தோனேசியாவின் நஹ்தத்துல் உலமா ஓர் எடுத்துக்காட்டு. கோடிக்கணக்கானோர் சார்ந்திருக்கும் உலமா அமைப்பு இது. அதன் தலைவராக இருந்து நாட்டின் அதிபராகவும் ஆன அப்துர்ரஹ்மான் வாஹித், 1965-இன் மத நிந்தனைச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தவர்களில் ஒருவர், 2009-இல் இறந்தார். 2010-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2017-இல் மத நிந்தனைக் குற்றத்துக்காக ஜகார்த்தாவின் கிறித்தவ ஆளுநர் அஹோக்குக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அப்போது நஹ்தத்துல் உலமாவின் உச்சத் தலைமையில் இருந்த மாரூஃப் அமீன். 2019-இல் மேற்கு ஜாவாவின் பஞ்சார் நகரில் கூடிய அதே அமைப்பின் உலமா, முஸ்லிமல்லாத சக குடிமக்களைக் காஃபிர் என்று அழைக்க வேண்டாம், குடிமக்கள் என்றே அழைக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மாரூஃப் அமீன் நாட்டின் துணை அதிபராகப் பதவியேற்றார்.