வரைபட மூலையில் ஒரு கட்டம்

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 1975 வரை அலகு அலகாக வளர்ந்தது: 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று. அந்த வட்டாரத்தில் ஆலைகள் விரிய விரிய வரைபடங்களும் மாறின. நான் அங்கே ஒரு டிராயிங் ஆபீசில் இருந்தவன். தாளின் மூலையில் ஒரு கட்டம் இருக்கும்: திருத்த எண், தேதி, காரணம், கையெழுத்து. புதுப் பிரதி போனதும் பழையதைத் திரும்ப வாங்கிவிடுவோம். பழைய தாளைப் பார்த்து ஃபிட்டர் வேறு வால்வைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் ஒரு பிரதியை ‘ரத்து’ முத்திரையோடு பத்திரப்படுத்துவோம்.

இன்று கிளவுடில் சர்வர், நெட்வொர்க் எல்லாமே டெம்ப்ளேட் கோப்புகள். அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011இல் வந்தது. இத்தகைய கோப்புகளின் திருத்த வரலாற்றைப் பெரும்பாலும் காப்பது, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய ‘கிட்’ மென்பொருள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை அது காட்டிவிடும். ஏன் மாற்றினார் என்பதை மட்டும், எங்கள் மூலைக் கட்டத்தைப் போலவே, மனிதர்தான் எழுதி வைக்க வேண்டும்.