மாருதி ஆம்னி: ஒரு வேனின் 35 ஆண்டுகள்

தமிழ் சினிமாவில் ஆளைக் கடத்த ஒரு காலத்தில் ஒரே வண்டிதான். தெருமுனையில் வந்து நிற்கும், பக்கக் கதவு சர்ரென்று நகரும், அடுத்த நொடி கதாநாயகியைக் காணோம்! நிஜத்தில் அதே மாருதி ஆம்னி, பள்ளிக்குப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளையும் கல்யாண வீட்டுக்குச் சமையல் பாத்திரங்களையும் சுமந்தது. 1984-ல் விற்பனைக்கு வந்த இந்த வேன் 2019-ல் நிறுத்தப்பட்டது. மக்கள் வாங்காமல் போனதால் நின்றதல்ல. பாதுகாப்புச் சட்டம் வந்ததால் நின்றது. அது ஏன் அவ்வளவு தாமதமாக நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஜப்பானில் பிறந்த வடிவம்

மாருதி உத்யோக் 1981-ல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. 1982-ல் ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம் ஆனது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அடுத்த ஆண்டே மாருதி வேன் வந்தது. ஆம்னி என்ற பெயர் 1988-ல்தான் கிடைத்தது.

இது சுசுகி கேரி என்ற ஜப்பானிய வேனின் இந்திய வடிவம். ஜப்பானில் குறுவண்டிகளின் நீளத்துக்கும் அகலத்துக்கும் சட்டப்படி ஓர் எல்லை உண்டு. அந்தச் சிறிய அளவுக்குள் அதிக இடம் வேண்டுமானால் முன்பக்க மூக்கை எடுத்துவிட வேண்டும். அதைத்தான் செய்தார்கள். எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் போனது. ஓட்டுநர் முன் சக்கரங்களுக்கு மேலே உட்கார்ந்தார்.

இதனால் 3.37 மீட்டர் நீளமே உள்ள வண்டியில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு உட்கார முடிந்தது. எஞ்சின் மாருதி 800-ல் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். எனவே உதிரி பாகம் எங்கும் கிடைத்தது, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைத்தார். விலையும் குறைவு. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் இது பெரிய வரம்.

வரமே சாபமானது

சாதாரண காரில் மோதல் நடந்தால் முன்பக்கம் நசுங்கி அதிர்ச்சியின் பெரும் பகுதியை வாங்கிக்கொள்ளும். ஆம்னியில் நசுங்குவதற்கு முன்பக்கமே இல்லை. கண்ணாடிக்கும் தகட்டுக்கும் பின்னால் உடனே ஓட்டுநரின் முழங்கால்தான். வண்டியின் எடை 800 கிலோவுக்கும் குறைவு. எதிரே வருவது லாரி என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது உயரம். அகலம் 1.41 மீட்டர், உயரம் 1.64 மீட்டர், முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 1.84 மீட்டர் மட்டுமே. குறுகலாகவும் உயரமாகவும் இருப்பதால் வேகமாகத் திருப்பினால் சாயும். நெடுஞ்சாலையில் பெரிய பஸ் உரசினாற்போல் கடந்தால் அந்தக் காற்றுக்கே ஆடும். நகரச் சந்துகளுக்குப் பொருந்திய வண்டி நான்குவழிச் சாலைக்குப் பொருந்தவில்லை.

உரிமையாளர்கள் சொன்ன மற்ற குறைகளும் பழகியவைதான். இருக்கைக்கு அடியில் எஞ்சின் என்பதால் கோடையில் சூடு தாங்காது. வண்டி பழசானால் தரைத் தகட்டிலும் கதவு ஓடும் தண்டவாளத்திலும் துரு ஏறும். பக்கக் கதவு சிக்கிக்கொள்ளும். விபத்தில் அந்தக் கதவு திறக்கவில்லை என்றால் நடு இருக்கையில் இருப்பவருக்கு வழி ஏது?

எரிவாயு ஆபத்து

பெட்ரோல் விலை ஏறியபோது பலர் எரிவாயுவுக்கு மாறினார்கள். 2000-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, வாகனங்களில் எல்பிஜி அனுமதிக்கப்பட்டது. ஆம்னியையே எல்பிஜி வண்டியாக நிறுவனமும் விற்றது. முறையான டேங்கில் 80 சதவீதம் நிரம்பியதும் தானே மூடும் வால்வு உண்டு. ஆபத்து வந்தது வீட்டு சிலிண்டரிலிருந்துதான். மானிய விலைச் சிலிண்டரை வண்டிக்குள் வைத்தார்கள், அல்லது அதிலிருந்து வண்டி டேங்குக்குத் திருட்டுத்தனமாக ஏற்றினார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். ஒரு பொறி போதும்.

சட்டம் வந்த கதை

2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் சிறிய கார்கள் சிலவற்றை மோதிப் பார்த்தது. காற்றுப்பை இல்லாத அவை பூஜ்ய நட்சத்திரம் வாங்கின. ஆம்னியின் தம்பி எனலாகும் ஈக்கோவும் 2016-ல் 64 கி.மீ. வேக மோதலில் பூஜ்யமே பெற்றது.

2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கு முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனைகள் கட்டாயமாயின. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 அக்டோபர் வரை அவகாசம். 2019 ஏப்ரலில் ஏபிஎஸ் பிரேக்கும் ஜூலையில் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் கட்டாயமாயின. புதிய பாதுகாப்பு, புகை விதிகளுக்கு ஏற்ப மாற்ற முடியாத மாடல்களில் ஆம்னியும் ஒன்று என்று மாருதி தலைவர் ஆர்.சி.பார்கவா 2018-லேயே சொல்லிவிட்டார். மூக்கே இல்லாத வண்டியை மாற்றுவதென்றால் வேறு வண்டிதான் செய்ய வேண்டும்.

நின்ற பிறகும் நிற்காதது

உற்பத்தி நின்றாலும் ஏற்கெனவே விற்ற வண்டிகள் சாலையில்தான் இருந்தன. 2020 பிப்ரவரியில் பஞ்சாபின் லோங்கோவாலில் பிள்ளைகளை ஏற்றி வந்த பழைய மாருதி வேன் தீப்பிடித்தது. நான்கு குழந்தைகள் இறந்தனர். பக்கத்து வயலில் வேலை செய்தவர்கள் ஓடிவந்து மற்ற பிள்ளைகளை மீட்டார்கள். சென்னை அருகே 2012-ல் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான், பள்ளி வாகனங்களுக்குத் தமிழகத்தில் தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு முறையும் விதி வருவதற்கு முன் ஓர் உயிர் போக வேண்டியிருக்கிறது.

ஆம்னியை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. அது இல்லாவிட்டால் அந்தக் குடும்பங்கள் நான்கு பேராக ஸ்கூட்டரில் போயிருக்கும். எளியவர்களை நான்கு சக்கரத்தில் ஏற்றியது அந்த வண்டி. ஆனால் எளியவர்களுக்கு இவ்வளவு பாதுகாப்பு போதும் என்று 35 ஆண்டுகள் எல்லோரும் சும்மா இருந்ததுதான் தவறு.

பழைய ஆம்னியில் பிள்ளையை அனுப்புபவர்கள் ஒரு நாள் காலையில் ஐந்து நிமிடம் செலவழிக்கலாம். தரையில் துரு இருக்கிறதா, பக்கக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா, எரிவாயு டேங்க் முறையானதா, எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள்? இந்த நான்கையும் பார்க்க எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை.