பாதிரியாரின் நாணயம்

திருநள்ளாறுக்குச் சனிபகவானைப் பார்க்கப் போகிறவர்களில் நூற்றுக்கு ஒருத்தராவது பக்கத்தில் இருக்கும் சுரக்குடியைக் கவனித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். காரைக்கால் பகுதியில் இருக்கிற டெல்டா கிராமம். வயலும் வாய்க்காலுமான பூமி. ஆனால், இந்த ஊர் எல்லையில் நின்றுகொண்டு ஒரு இருநூற்று ஐம்பது வருஷம் பின்னால் போய்ப் பாருங்கள். விஷயம் சுவாரசியமாக இருக்கும்.

கிழக்கே காரைக்கால். 1739-ல் தஞ்சாவூர் ராஜாவிடம் பேரம் பேசி பிரெஞ்சுக்காரன் வாங்கிய ஊர். வடக்கே தரங்கம்பாடி. 1620-லிருந்து டென்மார்க் கொடி. தெற்கே நாகப்பட்டினம். அங்கே டச்சுக்காரன். மிச்சமெல்லாம் தஞ்சை மராட்டிய ராஜா. அவர் தலைக்கு மேலே, கடனையும் பீரங்கியையும் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் கம்பெனி. காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிற ஒரு குடியானவன் பொழுது சாய்வதற்குள் இரண்டு மூன்று ராஜ்ஜியங்களை மிதித்துவிடலாம்.

இந்த வெள்ளைக்காரர்கள் எல்லாருமே கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம். மற்ற ஆறு நாளும் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதுதான் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவம். குடி, கொள்ளை, வாங்கிய நெல்லுக்குக் காசு தராமல் இழுத்தடிப்பது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் மீறுவது. பாவிகள் மோட்சம் போக முடியாது என்று ஒரு பாதிரியார் சொல்லப்போய், 'அப்படியானால் ஐரோப்பியர் யாருமே போக முடியாதே ஐயா' என்கிற அர்த்தத்தில் நவாப்பைச் சேர்ந்த ஒரு நாட்டியப் பெண் பதில் சொல்லிவிட்டுப் போனாளாம். வாயடைத்துப்போன அந்தப் பாதிரியார் இதை மறைக்கவில்லை. அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் ஸ்வார்ட்ஸ். நம் ஆட்கள் வாயில் ஸ்வார்ட்ஸ் ஐயர்.

ஆசாமி 1726-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். ஹாலே நகரத்தில் படிக்கும்போது, இங்கிருந்து திரும்பிப் போயிருந்த ஷூல்ட்ஸ் என்ற மிஷனரி தமிழ் பைபிள் அச்சிடும் முயற்சியில் இருந்தார். அவருக்கு உதவுவதற்காகப் பையன் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டான். அது அப்படியே அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. 1706-ல் சீகன்பால்க் வந்து இறங்கிய அதே தரங்கம்பாடிக்கு ஸ்வார்ட்ஸ் 1750-ல் வந்து சேர்ந்தார். நாலே மாதம். தமிழில் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிட்டார். பிறகு போர்ச்சுகீஸ், ஹிந்துஸ்தானி, பாரசீகம், மராத்தி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. யார் எந்த பாஷை பேசுகிறார்களோ அதில் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 48 வருஷத்தில் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

தரங்கம்பாடியிலிருந்து 1760-களில் திருச்சிக்குப் போனார். அங்கே அவர் இருந்த இருப்பை, பார்த்த வெள்ளைக்காரர் ஒருவரே எழுதியிருக்கிறார். மாசம் 10 வராகன் வருமானம். பழைய கட்டடம் ஒன்றில் ஒரே ஒரு அறை. படுக்கையைப் போட்டால் ஆள் நிற்க இடமில்லை, நின்றாலும் தலை முட்டும். சாப்பாடு, நம்மூர்ப் பக்குவத்தில் சோறும் காய்கறியும். உடுப்பு, கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. அதே கோட்டையில் கம்பெனி சிப்பந்திகள் என்ன சம்பளத்துக்கு வந்து என்ன சொத்தோடு கப்பலேறினார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கட்டடம் மாதிரி தொட முடியாது, சரக்கு மாதிரி எண்ண முடியாது. ஆனால், ஐந்தொகையில் இடம் உண்டு. ஸ்வார்ட்ஸ் முப்பது வருஷமாகச் சேர்த்தது அந்தச் சொத்து ஒன்றைத்தான். 1779-ல் அதைச் செலவழிக்க ஒரு ஆள் வந்தார். அந்த ஆள் ஸ்வார்ட்ஸ் அல்ல என்பதுதான் சிக்கல்.

வந்தவர் சென்னை கவர்னர் சர் தாமஸ் ரம்போல்ட். இரண்டு வருஷம் கவர்னராக இருந்துவிட்டு, பின்னாளில் வேலை போய், பார்லிமெண்ட் விசாரணை வரைக்கும் நாறிப்போனவர். மைசூர் ஹைதர் அலி உறுமிக்கொண்டிருந்த நேரம். 1769-ல் போட்ட ஒப்பந்தத்தைக் கம்பெனி காற்றில் விட்டுவிட்டது என்பது ஹைதரின் கோபம். அது நியாயமான கோபம். 'எங்கள் எண்ணம் சமாதானம்தான்' என்று போய்ச் சொல்ல ஆள் வேண்டும். ஹைதரோ கம்பெனி ஆட்களின் பேச்சை நம்புவதாக இல்லை. அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று கேட்டு அனுப்பினாராம். காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிற விஷயம் இது. கவனியுங்கள், அனுப்புகிறவனும் கிறிஸ்தவன்தான். அவனிலிருந்து வேறு ஒருவரைப் பிரித்துக் காட்ட ஹைதருக்கு 'கிறிஸ்தவர்' என்ற சொல்லே போதுமானதாக இருந்திருக்கிறது.

யுத்தம் வராமல் தடுக்க முடிந்தால் நல்லதுதானே என்று ஸ்வார்ட்ஸ் ஒத்துக்கொண்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனித்ததையும், வரி வசூலில் கைவைத்த அதிகாரிகளுக்குச் சவுக்கடி விழுந்ததையும் பாதிரியார் கூர்மையாகக் குறித்து வைத்திருக்கிறார். ஞாயிறு வந்தால், ஹைதரின் படையில் இருந்த ஜெர்மானியர்களுக்குப் பிரசங்கம். ராஜாங்க வேலையாக வந்தேன் என்று சொந்த வேலையை ஒத்திப்போடவில்லை.

கிளம்பும்போது ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். மறுத்தால் மரியாதைக் குறைவு. வாங்கிக்கொண்டு வந்து சென்னை கவுன்சிலில் அப்படியே வைத்துவிட்டார். 'நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். 'அப்படியானால் தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்குகிறேன், இது அதற்கு முதல் காசு' என்று அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

சரி, தூது என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. பாதிரியாரைச் சமாதானம் பேச அனுப்பிய கம்பெனி, அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஹைதர் தன் பாதுகாப்பில் இருப்பதாகச் சொல்லியிருந்த மாஹேயைப் பிடித்திருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்த நாட்களிலேயே ஹைதரின் எல்லை வழியாகப் படையை அனுப்பவும் பார்த்தது. 1780 ஜூலையில் ஹைதர் கர்நாடகச் சீமைக்குள் பாய்ந்தார். ஸ்வார்ட்ஸ் சொன்னது பொய் இல்லை. அவரைச் சொல்ல வைத்தவர்களிடம் உண்மை இல்லை. ஹைதர் இதைப் புரிந்துகொண்டார் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஊர்களெல்லாம் எரிந்துகொண்டிருந்த அந்த யுத்தத்திலும், இந்தப் பாதிரியாரை யாரும் தடுக்கக்கூடாது, தொந்தரவு செய்யக்கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஸ்வார்ட்ஸுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? ரம்போல்ட் எப்படிப்பட்டவர் என்று சென்னையில் எல்லாருக்கும் தெரியும். நேர்மையான மனிதர்களுக்கு இது ஒரு வியாதி. தான் பொய் சொல்ல மாட்டோம் என்பதாலேயே தன் வாயில் அடுத்தவன் வைக்கிற வார்த்தையைச் சோதித்துப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

இப்போது மறுபடி டெல்டாவுக்கு வருவோம். 1781. ஹைதரின் குதிரைப்படை காவிரிப் படுகையைக் கலைத்துப் போட்டுவிட்டது. மாடுகள் ஓட்டிக்கொண்டு போகப்பட்டன. வாய்க்கால்கள் பாழ். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் பசியில் விழுந்துகொண்டிருந்தார்கள். சனங்கள் தெருவில் செத்துக்கொண்டிருந்தார்கள். கொடுமை என்னவென்றால், வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. உள்ளே கொண்டுவர மாடு இல்லை. மாட்டை யாரும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? முன்பு கொடுத்தவர்களுக்குக் கூலி வரவில்லை. ராஜா துளஜாஜி வாக்குக் கொடுத்தார். கம்பெனி வாக்குக் கொடுத்தது. ஒருத்தரும் அசையவில்லை.

ராஜா கடைசியில் சொன்னாராம், நாங்கள் எல்லாரும் பெயரைக் கெடுத்துக்கொண்டுவிட்டோம், பாதிரியாரை நம்புகிறார்களா பார்க்கலாம் என்று.

ஸ்வார்ட்ஸ் நாலா பக்கமும் கடிதம் எழுதினார். எத்தனை மாடு செத்தாலும் எத்தனை மாடு பிடிபட்டாலும் கூலியும் நஷ்டமும் நான் தருகிறேன். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன! வெளியே எதிரிப்படை சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த மாடுகள் போய் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தன. சொன்னபடி அத்தனை பேருக்கும் ரொக்கம். மேலே கொஞ்சம் இனாமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த முறை நெருக்கடி வந்தபோது கூப்பிட்டதும் வந்தார்கள்.

யுத்தத்துக்குப் பிறகு இதே கதை வேறு ரூபத்தில் நடந்தது. ராஜாவின் அதிகாரிகள் போட்டு உருவிய உருவலில் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடிவிட்டார்கள். திரும்பி வாருங்கள் என்று ராஜா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்வார்ட்ஸ் சொல்லி அனுப்பினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். நாற்று விடுகிற பருவம் தாண்டிவிட்டது. உங்களுக்காக ராப்பகலாக உழுகிறோம் என்றார்களாம்.

இந்த நெல் கணக்கெல்லாம் எப்படி வெளியே தெரிந்தது என்பது தனிக்கதை. அவர் சொல்லவில்லை. சொல்ல வைத்தார்கள். 1793-ல் மிஷனரிகளை இந்தியாவுக்கு அனுப்பலாமா என்று லண்டனில் விவாதம். சென்னை கவர்னரிடம் செயலாளராக இருந்த மாண்ட்கோமரி கேம்பல், இங்கே கிறிஸ்தவம் ஆனவன் எல்லாம் அயோக்கியன் என்றார். திருடக்கூடாது என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்த பாதிரியாரின் தங்கக் கொக்கியையே, அதாவது கழுத்துப்பட்டையில் மாட்டுகிற கொக்கியை, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திருடிக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதையும் விட்டார். பேப்பரில் வந்தது. அது கப்பலேறித் தஞ்சாவூருக்கும் வந்தது. ஸ்வார்ட்ஸ் உட்கார்ந்து நீளமாகப் பதில் எழுதினார். அதில் முக்கியமான ஒரு தகவல், எங்களில் யாரிடமும் தங்கக் கொக்கியே கிடையாது என்பது. இருந்தால்தானே திருடுவதற்கு!

அப்படியானால் குறையே இல்லாத மனிதரா? இல்லை. இரண்டு இடம் எனக்கு உறுத்துகிறது.

ஒன்று, சாதி. அவருடைய சபைகளில் வேளாளருக்கு ஒரு பக்கம், ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். மெல்ல மெல்லத் தானாக மாறும் என்று பொறுமை காட்டினார். மாறவில்லை. அவர் நெல்லைச் சீமையிலிருந்து அழைத்துவந்து வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியாரே பிற்பாடு அந்தப் பிரிவினையை விட்டுக்கொடுக்காமல் வாதாடியவர்களில் ஒருவர். பிஷப் வில்சன் 1833-ல் சாதியைச் சபையைவிட்டு ஒழிக்க உத்தரவு போட்டபோது தஞ்சாவூர்ச் சபை இரண்டுபட்டது. ஹைதருக்கு முன்னால் தயங்காமல் உட்கார்ந்த மனிதர், தன் சபையின் பெஞ்சு வரிசைக்கு முன்னால் தயங்கியிருக்கிறார்.

இன்னொன்று, அரண்மனை. 1787-ல் துளஜாஜி மரணப்படுக்கையில் இருந்தபோது, தத்து எடுத்த பத்து வயதுப் பையன் சரபோஜியைக் கொண்டுவந்து ஸ்வார்ட்ஸ் கையில் ஒப்படைத்தார். அது சரியில்லை, உங்கள் தம்பி அமர்சிங் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னவர் ஸ்வார்ட்ஸ்தான். அமர்சிங் என்ன செய்தார்? தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னதை வைத்து ராஜாவாகிவிட்டார். பையன் வெளிச்சம் வராத அறையில் அடைபட்டான். ஸ்வார்ட்ஸ் தலையிட்டுப் பாதுகாப்புக்கு ஏற்பாடு பண்ணி, படிப்பு சொல்லிக் கொடுத்து, 1793-ல் சென்னைக்கு அனுப்பிவைத்தார். கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கம்பெனி மறுபடி பண்டிதர்களைக் கேட்டது. இந்தத் தடவை தத்து செல்லும் என்று பதில் வந்தது.

1798-ல் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். 1799-ல் ஒரு ஒப்பந்தம். தஞ்சாவூர் ராஜ்ஜிய நிர்வாகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்கும். பாதிரியார் பையனுக்காகத்தான் எழுதினார், சந்தேகமில்லை. அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். ரம்போல்ட் காலத்தில் நடந்ததேதான்.

இதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. பட்டாபிஷேகத்துக்குச் சில மாதம் முன்னால், 1798 பிப்ரவரி 13-ம் தேதி தஞ்சாவூரில் காலமாகிவிட்டார். சேர்ந்திருந்த பணம் மிஷனுக்கும் ஏழைகளுக்கும் போனது. இருபது வயது சரபோஜி ஓடிவந்து அழுது, உடம்பின் மேல் பொன்னாடை போர்த்தி, கல்லறை வரைக்கும் கூடவே நடந்தார்.

சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அவர் நிழலில் வளர்ந்தும் கடைசி வரைக்கும் தன் முன்னோர் மதத்திலேயே இருந்தார். ராஜாவானதும் லண்டனில் ஃப்ளாக்ஸ்மேன் என்ற பெரிய சிற்பிக்குச் சொல்லி, ஸ்வார்ட்ஸின் மரணப்படுக்கையைச் சலவைக்கல்லில் செதுக்கி வரவழைத்தார். சிவகங்கைத் தோட்டத்தில் இருக்கிற சர்ச்சில் இன்றும் இருக்கிறது. படுத்திருக்கும் கிழவரின் கையைப் பிடித்தபடி தலைப்பாகையோடு ராஜா நிற்கிறார். கல்லறை அங்கே இல்லை, புனித பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. அதன் மேல் இருக்கும் கருங்கல்லில் ஆங்கிலத்தில் சில வரிகள் வெட்டியிருக்கும். அந்தப் பாட்டை வேறு யாரிடமும் எழுதி வாங்கவில்லை, சரபோஜியே உட்கார்ந்து எழுதினார்.